முக்கில் ஒரு ‘நில்’ பலகை: மதுரைக் குடியிருப்புத் தெருக்களுக்கு ஒரு வழிகாட்டி

வைகைக்கு வடக்கே எங்கள் காலனியில் இரண்டு தெருக்கள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஒரு முக்கு இருக்கிறது. ஒரு மூலையில் மளிகைக் கடை, எதிர் மூலையில் ஆள் உயரக் காம்பவுண்டுச் சுவர், மூன்றாவது மூலையில் டிரான்ஸ்ஃபார்மர், நான்காவதில் என்றைக்கும் நகராத ஒரு வெள்ளை வேன். காலை எட்டரை மணிக்குப் பள்ளி வேன், ஷேர் ஆட்டோ, தண்ணீர் லாரி, அலுவலகத்துக்குப் பறக்கிற இரு சக்கர வண்டிகள் எல்லாம் அங்கே ஒன்றாகக் கூடும். முதலில் ஹாரன் அடித்தவருக்கே வழி என்பதுதான் அங்கே எழுதாத சட்டம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அடித்தால் என்ன ஆகும் என்பதை, நடுவில் சைக்கிளில் வந்து மாட்டிக்கொண்ட ஒரு பத்தாம் வகுப்பு மாணவியின் முழங்கை எங்களுக்குக் காட்டியது.

அந்த வாரமே நான் மனு எழுதினேன். “மேற்படி இடத்தில் நில் பலகை வைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்” என்று ஒரே வரி. ஐந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால், அந்த மனுவை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்று தெரிகிறது. நான்கு பக்கமும் ஒரே மாதிரித் தெரு. எந்தத் தெருவில், எந்தப் பக்கம் பலகையை நட வேண்டும் என்று நானே சொல்லவில்லை. எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை. இரண்டாவது முறை தெரிந்துகொண்டு போனோம். அந்தத் தெரிந்துகொண்ட விஷயங்கள்தான் இந்தக் கட்டுரை.

யார் நிற்பது?

எல்லாவற்றுக்கும் முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி இது. ‘நில்’ பலகை வேகத்தைக் குறைக்கிற கருவி அன்று. ஒரு தெருவில் வருகிறவர் முழுதாக நின்று, குறுக்குத் தெருவில் வருகிறவருக்கு வழி விட்டு, அதன் பிறகு போக வேண்டும் என்று சொல்கிற கட்டளை. அதனால் ஒரு தெரு ‘பெரிய தெரு’, மற்றது ‘நிற்கிற தெரு’ என்று பிரிந்தாக வேண்டும்.

பலகை எதுவும் இல்லாத சந்திப்புக்கும் நம் சாலை விதிகளில் ஒரு முறை உண்டு. பிரதான சாலையில் நுழைகிறவர் அதில் போகிற வண்டிகளுக்கு வழி விட வேண்டும். இரண்டும் சமமான சாலையாக இருந்தால் தன் வலப்பக்கத்திலிருந்து வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்குப் படித்தபோது இதைப் படித்திருப்போம். உரிமம் கைக்கு வந்த அன்றே மறந்திருப்போம். எங்கள் தெருவில் பதினைந்து பேரிடம் கேட்டேன், இரண்டு பேர் சரியாகச் சொன்னார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற அரசுப் பஸ் ஓட்டுநர்.

பலகைகளிலும் இரண்டு வகை உண்டு. எட்டு மூலை கொண்ட சிவப்புப் பலகை ‘நில்’. தலைகீழாக நிற்கும் முக்கோணம், சிவப்பு விளிம்போடு, ‘வழி விடு’. மற்றக் கட்டாயக் குறியீடுகள் வட்டமாக இருக்க, இவை இரண்டுக்கு மட்டும் தனி வடிவம் கொடுத்திருக்கிறார்கள். இருட்டிலும், பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும்கூட இன்ன பலகை என்று தெரிய வேண்டும் என்பது காரணம். முக்கு திறந்து கிடக்கிறது, குறுக்கே வருகிற வண்டி தூரத்திலேயே தெரிகிறது என்றால் ‘வழி விடு’ போதும். சுவரோ கட்டடமோ மறைத்து, நின்று எட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்கிற இடத்துக்குத்தான் ‘நில்’.

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு நண்பர் மகன், “நான்கு பக்கமும் வைத்துவிடுங்கள், எங்கள் ஊரில் அப்படித்தான்” என்றான். அங்கே அது நடக்கிறது, உண்மைதான். ஆனால் வேகத்தைக் கட்டுப்படுத்த ‘நில்’ பலகையைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்த நாட்டுச் சாலைக் குறியீட்டுக் கையேடே சொல்கிறது. நான்கு பக்கமும் வைப்பதற்கு விபத்துக் கணக்கு, வாகனக் கணக்கு என்று தனி வரம்புகளும் வைத்திருக்கிறது. நான்கு பக்கமும் நிறுத்தினால் யார் முதலில் வந்தார் என்று ஓட்டுநர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்ள வேண்டும். நம் முக்கில் அந்த முறை ஹாரன் சத்தத்தில்தான் போய் முடியும். ஒரு தெருவின் இரு பக்கமும் நிறுத்துவதே நமக்குச் சரி என்பது என் கருத்து.

எந்தத் தெரு நிற்பது என்பதில் சண்டை வரும், தயாராக இருங்கள். “நாற்பது வருடமாக இருக்கிறோம், எங்கள் தெரு ஏன் நிற்க வேண்டும்?” என்று ஒருவர் கேட்டார். சங்கக் கூட்டத்தில் கை தூக்கச் சொல்லி இதைத் தீர்க்காதீர்கள்; வீடு அதிகமுள்ள தெரு ஜெயிக்கும், அவ்வளவுதான். எண்ணிப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் முக்கில் நில்லுங்கள்

எண்ணுவதற்குப் பெரிய கருவி வேண்டாம். நான்கு டப்பாவும் ஒரு படி புளியங்கொட்டையும் போதும். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் வருகிற வண்டிக்கு ஒரு கொட்டை. காலை எட்டு முதல் ஒன்பது வரை, மாலை நான்கு முதல் ஆறு வரை. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணிக் குறித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். வார நாளில் மூன்று நாள், ஞாயிறு ஒரு நாள் செய்தால் போதும். நடந்து போகிறவர்களைத் தனியாக எண்ணுங்கள், குறிப்பாகப் பள்ளிப் பிள்ளைகளையும் வயதானவர்களையும். இதைச் செய்து முடித்தபோது, நாற்பது வருடத்துக்காரரின் தெருவில் வண்டி எண்ணிக்கை மற்றதில் பாதிகூட இல்லை என்று தெரிந்தது. அவரே ஒரு டப்பாவுக்குப் பொறுப்பாக உட்கார்ந்திருந்ததால் மறுபேச்சு வரவில்லை. எதிர்ப்பவரை எண்ண உட்கார வையுங்கள். என் அனுபவத்தில் இதைவிட நல்ல உத்தி கிடையாது.

வேகத்தை அளப்பதும் சுலபம். தெருவில் டேப் பிடித்து 50 மீட்டருக்கு இரண்டு சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வண்டி முதல் கோட்டைத் தொட்டதிலிருந்து இரண்டாவதைத் தொடும்வரை கைப்பேசியில் நேரம் பாருங்கள். 6 நொடி ஆனால் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம், நாலரை நொடி என்றால் 40, மூன்றரை நொடியை ஒட்டி வந்தால் 50. உங்கள் கையில் டேப்பும் கைப்பேசியும் இருப்பதைப் பார்த்ததுமே வண்டிகள் மெதுவாகிவிடும்; கொஞ்சம் மறைவாக, மாடியில் நின்று செய்வது நல்லது.

அடுத்தது பார்வைத் தூரம். இதுதான் மனுவின் உயிர். மணிக்கு 30 கிலோமீட்டரில் வருகிற வண்டி ஆபத்தைக் கண்டு, பிரேக் போட்டு நிற்க ஏறத்தாழ 30 மீட்டர் வேண்டும். 40 கிலோமீட்டரில் 45 மீட்டர். 50-இல் 60 மீட்டர். நம் நாட்டில் சாலை வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளும் கணக்கு இது. ஓட்டுநர் உணர்ந்து செயல்பட எடுக்கும் இரண்டரை நொடியும் இதில் சேர்த்தி. நிற்கப்போகிற தெருவில், முக்குக்குச் சற்று முன்னால், ஸ்கூட்டரில் உட்கார்ந்த உயரத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். குறுக்குத் தெருவில் இன்னொருவர் மெல்லப் பின்னால் நடக்கட்டும். அவர் எந்த இடத்தில் மறைகிறார் என்று அளந்துகொள்ளுங்கள். எங்கள் முக்கில் இடப்பக்கம் 38 மீட்டர் தெரிந்தது, வலப்பக்கம் 11 மீட்டர். பதினொரு மீட்டர்! விபத்துகள் ஏன் எல்லாம் ஒரே பக்கத்தில் நடந்தன என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

விபத்துக் கணக்கு கிடைப்பது கடினம். கை கால் சிராய்ப்போடு முடிகிற மோதல்களில் இரு தரப்பும் அங்கேயே சமாதானமாகிப் போய்விடுவார்கள். காவல் நிலையப் பதிவேட்டில் அது ஏறாது. முக்கில் இருக்கிற கடைக்காரரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, தேதி, நேரம், எந்தப் பக்கத்திலிருந்து எது வந்தது, அடி உண்டா என்று நான்கு விஷயம் மட்டும் எழுதச் சொல்லுங்கள். பெயரோ வண்டி எண்ணோ வேண்டாம். அதை எழுதினால் கடைக்காரருக்குத்தான் தொல்லை.

பலகைக்கு முன்னால் மூலையைத் துடையுங்கள்

பார்வை மறைவதற்குக் காரணம் பாதி நேரம் நாமாகவே இருப்போம். எங்கள் 11 மீட்டருக்குக் காரணம் சுவர் அன்று, அந்த வெள்ளை வேன். வேனைப் பத்து மீட்டர் தள்ளி நிறுத்தியபோது 24 மீட்டர் தெரிந்தது. வாசலில் வளர்த்த அரளி, கடை முன்னால் சாய்த்து வைத்த விளம்பரத் தட்டி, வீடு கட்டுகிறவர் கொட்டிய மணல், வாசலிலிருந்து தெருவுக்கு இறங்கிய சாய்வுப் படி, இவை எல்லாம் மனு இல்லாமலே சரி செய்யக்கூடியவை. எரியாத தெருவிளக்குக்கு மட்டும் மாநகராட்சிக்குத் தனிப் புகார் கொடுங்கள்; பலகைக் கோரிக்கையோடு கலந்தால் இரண்டும் தாமதமாகும்.

குவி ஆடி மாட்டலாமா என்று கேட்பார்கள். மாட்டலாம், ஆனால் அதில் வண்டி சிறிதாகவும் தூரத்தில் இருப்பது போலவும் தெரியும். அதை நம்பி நிற்காமல் போகிறவரும் உண்டு. நின்று பார்க்கிறவருக்கு அது துணை, நிற்காதவருக்கு வினை.

சாலை யாருடையது?

மதுரையில் இது சின்னக் கேள்வி இல்லை. நூறு வார்டுகளுக்குள் இருக்கிற உள்தெருக்கள் பெரும்பாலும் மாநகராட்சியுடையவை. உங்கள் வார்டின் உதவிப் பொறியாளரோ இளநிலைப் பொறியாளரோ மண்டல அலுவலகத்தில் கிடைப்பார். உங்கள் தெரு போய் முட்டுகிற பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருந்தால், அந்த முச்சந்திக்கு உதவிக் கோட்டப் பொறியாளரிடம் போக வேண்டும். வீட்டு வசதி வாரியம் போட்ட மனைப்பிரிவில் தெருக்கள் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்பட்டனவா என்று முதலில் கேளுங்கள். மாநகராட்சிக்கு வெளியே ஊராட்சிப் பகுதியில் இருக்கிறவர்களுக்குக் கிராம சபை ஒரு நல்ல மேடை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும். தீர்மானமாக எழுத வைத்து நகல் வாங்கிவிடுங்கள்.

சாலை யாருடையதாக இருந்தாலும் மனுவின் ஒரு பிரதி போக்குவரத்துக் காவல் துறைக்குப் போக வேண்டும். பலகை நடுவதற்கு முன்னால் பொறியாளரும் போக்குவரத்து ஆய்வாளரும் சேர்ந்து இடத்தைப் பார்ப்பதுதான் நல்லது. அந்தக் கூட்டு ஆய்வை மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.

நாமே ஒரு தகட்டை வெட்டி, பெயிண்ட் அடித்து நட்டால் என்ன என்று தோன்றும். கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 116-ஆவது பிரிவுப்படி, மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போதான் போக்குவரத்துக் குறியீடு வைக்கலாம்.

மனு

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நாங்கள் இரண்டாவது முறை கொடுத்ததன் சாரம் இது:

“பொருள்: [தெரு 1] – [தெரு 2] சந்திப்பில் ‘நில்’ பலகை, நிறுத்தக் கோடு அமைத்தல் தொடர்பாக.

ஐயா, மேற்படி சந்திப்பில் [தெரு 1]-இன் வழியாகக் காலை 8 முதல் 9 வரை [எண்ணிக்கை] வண்டிகளும், [தெரு 2]-இன் வழியாக [எண்ணிக்கை] வண்டிகளும் செல்கின்றன. [தெரு 2]-இல் கிழக்கிலிருந்து வருபவருக்கு வலப்புறம் [அளவு] மீட்டர் மட்டுமே தெரிகிறது. கடந்த ஆறு மாதத்தில் [எண்ணிக்கை] மோதல்கள் நடந்துள்ளன, விவரம் இணைப்பில். எனவே [தெரு 2]-இன் இரு பக்கமும் ‘நில்’ பலகையும் நிறுத்தக் கோடும் அமைக்குமாறும், அதற்கு முன் போக்குவரத்துக் காவல் துறையுடன் கூட்டு ஆய்வு செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறோம். மூலையை மறைத்த செடிகளையும் வாகனத்தையும் குடியிருப்போரே அகற்றிவிட்டோம்.”

அந்தக் கடைசி வரி வேலை செய்தது. எல்லாவற்றையும் அரசே செய்ய வேண்டும் என்று வருகிறவர்களைத்தான் அலுவலகங்கள் அன்றாடம் பார்க்கின்றன.

கையால் வரைந்த ஒரு வரைபடம், நான்கு புகைப்படம், இரு தெருக்காரர்களின் கையெழுத்து ஆகியவற்றை இணையுங்கள். நிற்கப்போகிற தெருவின் கையெழுத்து குறைந்தது பாதியாவது இருக்கட்டும். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் ‘பெறப்பட்டது’ முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். கவுன்சிலரிடம் முதலிலேயே போய்ச் சொல்லிவிடுங்கள். கடைசியில் போனால், தன்னைத் தாண்டிப் போனதாக நினைப்பார், அது நியாயமும்கூட.

சித்திரைத் திருவிழாவை ஒட்டி மட்டும் மனு கொடுக்காதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கித் திரும்ப மலை ஏறும்வரை மாநகராட்சியும் காவல் துறையும் வேறு எதையும் பார்க்க முடியாது. உங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்கோ, முல்லைப் பெரியாறு குடிநீர்க் குழாய்க்கோ தோண்டப்போகிறார்களா என்றும் விசாரியுங்கள். கோடு போட்ட மறு மாதம் தோண்டினால் பழியை யார் மேல் போடுவது என்றே தெரியாது.

மனு நகரவில்லை என்றால்

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மாநகராட்சியிலும் மண்டல வாரியாகக் குறைதீர் முகாம் நடக்கும். உங்கள் மண்டலத்தின் முறை எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1100 என்ற முதலமைச்சர் உதவி எண்ணிலும் பதியலாம். எங்கே கொடுத்தாலும் பழைய மனுவின் தேதியையும் எண்ணையும் குறிப்பிடுங்கள், புதிதாகத் தொடங்காதீர்கள்.

மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 215-ஆவது பிரிவில் வருகிற அமைப்பு இது. காவல், நெடுஞ்சாலை, வட்டாரப் போக்குவரத்து, உள்ளாட்சி எல்லாம் ஒரே மேசையில் உட்காரும் என்பதால், இரண்டு துறை ஒன்றை ஒன்று கைகாட்டுகிற முக்குகளுக்கு இதுவே சரியான இடம்.

அதுவும் ஆகவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கொடுத்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். “ஏன் வைக்கவில்லை?” என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. “எங்கள் மனு மீதான கோப்புக் குறிப்புகளின் நகல் தருக” என்று கேளுங்கள். கோப்பே இல்லாவிட்டால் அன்றைக்கு ஒன்று திறக்கப்படும்.

வேகத்தடை ஆசை

எந்தக் கூட்டத்திலும் ஒருவர் எழுந்து, “பலகை எதற்கு, இரண்டு மூட்டை சிமென்ட் வாங்கி வேகத்தடை போட்டுவிடலாம்” என்பார். கைதட்டலும் கிடைக்கும். விதிப்படியான வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு 3.7 மீட்டர் அகலம் கொண்டது. மெல்ல ஏறி மெல்ல இறங்கும், 25 கிலோமீட்டர் வேகத்தில் வலிக்காமல் கடக்கலாம். அதற்கு 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். நாம் ராத்திரியோடு ராத்திரியாகப் போடுவது திண்ணை மாதிரி நிற்கும். பெயிண்ட் இல்லாத அந்தத் திண்ணையில் இருட்டில் விழுகிறவர் பெரும்பாலும் பின் இருக்கையில் உட்கார்ந்து வருகிற பெண்தான். தெருவில் வேகம்தான் பிரச்சினை என்று உங்கள் 50 மீட்டர் கணக்கு காட்டினால், முறையான வேகத்தடையை மனுவில் கேளுங்கள். பார்வைதான் பிரச்சினை என்றால் அது தேவையில்லை.

பலகை வந்த பிறகு

நடுகிற அன்று நீங்கள் அங்கே இருங்கள். ஒப்பந்த ஆட்கள் மண் இளகின இடத்தில் குழி தோண்டுவார்கள். அது புங்க மரத்துக்குப் பின்னால் இருக்கக்கூடும். பலகை தெருவின் இடப்பக்கம், நடக்கிறவர் தலையில் இடிக்காதபடி இரண்டு மீட்டருக்குமேல், வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் தாள் ஒட்டியதாக இருக்க வேண்டும். சாதாரணப் பெயிண்ட் என்றால் இரவில் அது வெறும் கறுப்புத் தகடு. நிறுத்தக் கோட்டில் நின்றால் குறுக்குத் தெரு தெரிகிறதா என்று கோடு போடும் முன்பே பார்த்துவிடுங்கள்.

முதல் மாதம் யாரும் நிற்க மாட்டார்கள். நின்றவரைப் பின்னால் வருகிறவர் திட்டுவார். தண்ணீர் லாரி ஓட்டுநர்கள், பள்ளி வேன்காரர்கள், பக்கத்து ஆட்டோ நிறுத்தம் ஆகியோரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். அன்றாடம் பத்து முறை கடக்கிறவர்கள் நின்றால் மற்றவர்கள் பின்னால் நின்றுதான் ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ‘நில்’ பலகையை மீறுவது 184-ஆவது பிரிவில் ஆபத்தான ஓட்டுதலுக்குள் வருகிறது. முதல் முறைக்கு ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. இதை மிரட்டலாகச் சொல்லாமல் டீக்கடையில் செய்தியாகச் சொன்னால் வேகமாகப் பரவும்.

கடைசியாக, போஸ்டர். மதுரையில் ஒரு பலகை வெறுமையாக நின்றால் ஊருக்கே அவமானம் என்று நினைக்கிற ஆட்கள் உண்டு. எங்கள் பலகையின் பின்பக்கத்தில் எட்டாம் நாளே கண்ணீர் அஞ்சலி வந்துவிட்டது. முன்பக்கத்தை ஒரு காதணி விழா பிளெக்ஸ் நான்கு நாள் மறைத்தது. குறியீட்டை மறைக்கிற விளம்பரத்தை அகற்ற அதே 116-ஆவது பிரிவில் அதிகாரம் இருக்கிறது. ஆனால் விழா வீட்டாரிடம் போய், “மாமா, ஒரு ஆள் அளவு தள்ளிக் கட்டுங்கள்” என்று சொல்வது சீக்கிரம் நடக்கிறது. யாராவது வண்டியை இடித்துப் பலகையைச் சாய்த்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டியது இடித்தவரின் கடமை என்பதும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பலகையைப் படம் எடுத்து வையுங்கள். கிளை வளர்ந்து மறைப்பது கண்ணுக்குத் தெரியாமலே நடக்கும்.

எங்கள் கடைக்காரரின் நோட்டு இன்னும் கல்லாவுக்கு அருகில்தான் தொங்குகிறது. பலகை வந்து பதினான்கு மாதத்தில் அதில் இரண்டு பதிவு. வெள்ளை வேன் பத்து மீட்டர் தள்ளியே நிற்கிறது. அதன் சொந்தக்காரர் மட்டும் சங்கச் சந்தாவை நிறுத்திவிட்டார்.